நாக்கு நீளம்

‘நாக்கு நீளம்’ என்ற வசவு நம் ஊரில் பெரும்பாலும் பெண்களுக்கே ஒதுக்கப்பட்டது. எதிர்த்துப் பேசினால் நாக்கு நீளம். ருசியாக ஏதாவது வேண்டும் என்றாலும் நாக்கு நீளம். இரண்டு குற்றங்களுக்கும் ஒரே உறுப்பு. இதே ஆசை ஆணுக்கு இருந்தால் அவர் சாப்பாட்டுப் பிரியர்.

நாற்பத்து மூன்றாம் வயதில் எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. மூன்று மாதச் சராசரி 8.2. மருத்துவர் மாத்திரைச் சீட்டை எழுதிக்கொண்டே என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: “வீட்டம்மாவை நாக்கைக் கட்டச் சொல்லுங்க சார்.” நோய் எனக்கு, அறிவுரை அவருக்கு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் எத்தனை பெண்கள், தங்களுக்கு விலக்கப்பட்ட உணவைத் தங்கள் கையாலேயே சமைத்து மற்றவர்களுக்குப் பரிமாறுகிறார்கள் என்பதை எந்த ஆய்வும் எண்ணப்போவதில்லை.

எனக்கு இனிப்பில் பெரிய ஆசை கிடையாது. என் ஆசை ஃபாஸ்ட் ஃபுட் கடை முட்டை ஃப்ரைடு ரைஸ். அரூர்க் கடைவீதியில் சாயங்காலம் நடந்தால் வாணலியில் கரண்டி மோதும் சத்தம் முதலில் வரும். பிறகு பூண்டும் மிளகும் கருகுகிற வாசனை. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு அது பொட்டலமாக வரும். பிரித்துத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, நான் இரண்டு சப்பாத்தியோடு உட்காருவேன்.

தமிழ் படித்தவளுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. புறநானூற்றின் 246ஆம் பாடலில், கணவன் பூதப்பாண்டியனை இழந்த பெருங்கோப்பெண்டு தீப்பாய்வதைச் சான்றோர் தடுக்கிறார்கள். அவள் பதிலாகச் சொல்வது ஓர் உணவுப் பட்டியல்: நெய்படாத, நீர் பிழிந்த சோறு, எள் துவையல், புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரை. கைம்பெண்ணின் பத்தியம் அது. அதே நூலின் 20ஆம் பாடலில் இன்னொரு பெண் வருகிறாள். சேரனின் மண்ணைப் பகைவர் உண்ண முடியாது, வயாவுற்ற பெண்கள்தான் விரும்பி உண்பார்கள் என்கிறார் புலவர். மசக்கைக்காரிக்கு மண்கூடக் கிடைக்கும். கணவனை இழந்தவளுக்கு நெய் கிடையாது. வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை மட்டுமே பெண்ணின் நாக்குக்கு அனுமதி. நாற்பதைத் தாண்டியவளின் ஆசைக்கு நம் மொழியில் மசக்கை போலச் செல்லமாக ஒரு சொல்கூட இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

என் மாணவி ஒருத்தி சித்தேரியைச் சேர்ந்தவள். சாமை அறுவடை முடிந்த சமயத்தில் அவளோடு மலையேறினேன். ‘சாமை சாப்பிடுங்கள்’ என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு அல்லவா, பாட்டி உணவின் பெருமையை எழுதாத பத்திரிகை இல்லை. அந்தப் பெருமையை அவளுடைய அம்மாவிடம் நானும் பேசினேன்.

“ஒடம்புக்கு நல்லதுதான் டீச்சரம்மா, இல்லேங்கல. ஆனா குத்துறது யாரு?” என்றார். “ரேசன் அரிசி வந்தப்புறந்தான் எங்க தோளு கொஞ்சம் ஆறுச்சு.”

சாமையின் உமி லேசில் பிரியாது. உரலில் குத்திப் புடைத்து, மறுபடி குத்திப் புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். வள்ளைப்பாட்டை வகுப்பில் நடத்தும்போது உலக்கையின் தாளத்தைப் பற்றித்தான் பேசுகிறோம், தோள்பட்டையைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் சிறு இயந்திரங்களைச் சுய உதவிக் குழுக்களிடம் கொண்டுபோனதற்குக் காரணமே இந்தப் பாடுதான். இயந்திரம் இல்லாமல் பாரம்பரியம் பேசுவது பெண்களின் கையில் மறுபடி உலக்கையைத் திணிப்பது. மாணவியின் அம்மா இப்போது மூட்டையைக் கீழே அனுப்பி உமி நீக்கி வாங்குகிறார். அந்தக் கூலியையும் வண்டிச் சத்தத்தையும் சேர்த்து விலை போடச் சொல்லி அவரிடமே சாமை வாங்குகிறேன்.

அந்தச் சாமையில்தான் என் ஃப்ரைடு ரைஸ். அரை டம்ளர் சாமையை இருபது நிமிடம் ஊறவைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் வேகவைத்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட வேண்டும். ஆறியதும் இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும்; சூட்டோடு கிளறினால் களியாகிவிடும். கடைச் சுவையின் ரகசியம் பொடியில் இல்லை, தீயில் இருக்கிறது. இரும்பு வாணலி புகையும்வரை காய வேண்டும், ஒரு தடவைக்கு ஒரு தட்டு அளவுதான் போட வேண்டும். இரண்டு தேக்கரண்டி கடலெண்ணெய், நசுக்கிய பூண்டு, பிறகு முட்டைக்கோஸ், பீன்ஸ், கேரட், குடைமிளகாய். காய் சாமையைப்போல இரண்டு மடங்கு. மூன்று நிமிடத்தில் ஓரமாக ஒதுக்கி இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, சாமையைக் கொட்டி, மிளகுத்தூள், சில சொட்டு வினிகர், ஒரு சின்ன கரண்டி சோயா சாஸ். சாஸிலேயே உப்பு இருக்கிறது, தனியாக வேண்டாம்.

சாமையும் மாவுச்சத்துதான். இரண்டு தட்டுச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ‘சிறுதானிய நூடுல்ஸ்’ வாங்குகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் முதலில் எழுதியிருப்பது கோதுமையோ மைதாவோதான்.

முதல் வெள்ளிக்கிழமை நான் வாணலியை வைத்தபோது மாமியார் அடுப்படி வாசலில் நின்று கேட்டார்: “உனக்கு மட்டும் தனியாவா ஆக்குற?” சப்பாத்தியைத் தனியாகச் சுட்டபோது அவர் கேட்டதில்லை. பத்தியம் தனியாக இருக்கலாம், ருசி தனியாக இருக்கக் கூடாது. “ஆமாங்க அத்தே, எனக்கு மட்டுந்தான்” என்றேன். இருபது வருடத்தில் அந்த அடுப்படியில் நான் சொல்லாத வாக்கியம். பையன் தட்டை நீட்டினான். காய் நறுக்கினால் அவனுக்கும் உண்டு என்றேன். நறுக்கினான், கோணல்மாணலாக. மூன்று மாதம் கழித்து 7.1. மாத்திரைக்கும் நடைக்கும் அதில் பங்குண்டு, சாமைக்கு மட்டும் மாலை போட மாட்டேன்.

அடுத்த தடவை சித்தேரிக்குப் போனபோது ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். மாணவியின் அம்மா இரண்டு வாய் நிதானமாக மென்றார்.

“முட்டையும் கோசும் நல்லாத்தான் இருக்குது டீச்சரம்மா. இதையே வெள்ளை அரிசியில போட்டா இன்னும் நல்லாருக்குமே?”