திருவல்லிக்கேணியில் ஒரு புளிக்காய்ச்சல் பாட்டில்

நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில எழும்பூர் வந்து இறங்கியிருக்கீங்களா பாஸ்? பிளாட்பாரத்தில் போற நம்ம பசங்களோட பையை உத்துப் பாருங்க. லேப்டாப் இருக்கோ இல்லையோ, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணு இருக்கும். வாயில பாலிதீன் கவர், மேல ரப்பர் பேண்ட், அதுக்கும் மேல ஒரு துணி... அம்மா பேக்கிங்!

அப்படி ஒரு பாட்டிலோட ஆட்டோ பிடிச்சு திருவல்லிக்கேணி வந்தவன்தான் நானும். பெல்ஸ் ரோடு பக்கத்துல ஒரு சந்து, அதில் ஒரு மேன்ஷன். மூணு பேருக்கு ஒரு ரூம். ஒரு பக்கம் பார்த்தசாரதி கோயில், இன்னொரு பக்கம் சேப்பாக்கம் ஸ்டேடியம், கொஞ்ச தூரம் நடந்தா மெரினா. வேறென்ன வேணும்? ஆனா ரூமுக்குள்ள சமைக்க மட்டும் கூடாது. எங்க கட்டிலுக்கு அடியில ஒரு எலெக்ட்ரிக் கெட்டில் ஒளிஞ்சிருந்தது தனிக்கதை (மேனேஜர் அண்ணே, மன்னிச்சுக்கோங்க).

ராத்திரி 11 மணிக்கு மேல கெட்டிலுக்கு உயிர் வரும். மசாலா வாசம் வராண்டாவுல பரவினதும், கூப்பிடாமலே நாலு பேர் ஸ்பூனோட ஆஜர். சும்மா சொல்லக்கூடாது, அந்த நேரத்து நூடுல்ஸ் ருசியே தனி.

அது ஏன் சட்டுனு வேகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? ஃபேக்டரியிலேயே ஆவியில வேகவெச்சு, எண்ணெய்ல பொரிச்சு, ஈரத்தை எடுத்துடறாங்க. நாம பண்றது சமையலே இல்லை, சும்மா நனைக்கிறோம்! 2015 ஜூன்ல ஈயம் இருக்குன்னு மேகியைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னாங்க. ஆகஸ்ட்ல மும்பை உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து பண்ண, நவம்பர்ல திரும்ப கடைக்கு வந்துடுச்சு. ஈயத்தைப் பத்தி அவ்வளவு பேசின நாம உப்பைப் பத்தி பேசவே இல்லைங்கறதுதான் என் வருத்தம். பாக்கெட்டுக்குப் பின்னாடி சோடியம்னு ஒரு வரி இருக்கும். அந்த மில்லிகிராமை 2.5-ஆல பெருக்குங்க, உப்புக் கணக்கு வரும். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள்ள நிறுத்தணும்னு சொல்லுது உலக சுகாதார நிறுவனம். ராத்திரி ரெண்டு பாக்கெட் காலி பண்ற ஆளா நீங்க? கணக்குப் போட்டுப் பாருங்க!

இத்தனைக்கும் நம்ம வீட்டிலேயே இன்ஸ்டன்ட் அயிட்டம் இருக்கு. பருப்புப் பொடி, வத்தல், புளிக்காய்ச்சல்... எல்லாமே அவசரத்துக்குத்தானே? மெஸ்ஸில சாதம் மட்டும் பார்சல் வாங்கி வந்து, ரெண்டு ஸ்பூன் புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைஞ்சா முடிஞ்சது. நூடுல்ஸைவிட சீக்கிரம். அதிலும் உப்பு உண்டு, இல்லைன்னு சொல்லலை. போட்டது யார், எவ்வளவுன்னாவது தெரியும்.

எனக்கு இது லேட்டாத்தான் உறைச்சது. அம்மா கொடுத்த முதல் பாட்டிலை ஒரே ஒரு நாள் திறந்தேன், அதுவும் ஈர ஸ்பூனோட. ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா மேல வெள்ளையா பூஞ்சை. அன்னிக்குன்னு பார்த்து போன். "என்னல, புளிக்காச்சல் தீந்துட்டா?"

"தீந்துட்டும்மா. சூப்பரா இருந்துச்சு."

அடுத்த தடவை ஊர்ல இருந்து ரெண்டு பாட்டில் வந்தது. ரூம் பசங்களுக்கும் சேர்த்தாம்.

பொங்கலுக்குப் போனப்ப, "நானே கிண்டறேன்"னு கரண்டியை வாங்கினேன். புளி கொதிச்சு, கெட்டியாகி, நல்லெண்ணெய் பிரிஞ்சு மேல வர்ற வரைக்கும் அடுப்பை விட்டு நகர முடியலை. சுரீர்னு கையில ஒரு துளி தெறிச்சுது. உதறிக்கிட்டே திரும்பினா அம்மா சிரிக்கறாங்க. அவங்க மணிக்கட்டுல அதே மாதிரி பொட்டுப் பொட்டா ஏழெட்டு தழும்பு. அந்த முதல் பாட்டில் என்ன ஆச்சுன்னு அப்பத்தான் சொன்னேன்.

"தெரியும்ல. ஒரு மாசத்துல ஒரு பாட்டிலை நீ தின்னுட்டியாக்கும்?"ன்னாங்க.