ஹியர் அல்ல, ஹியரிங்

ஜூன் 9, திங்கள்

பன்னிரண்டாம் வகுப்புக்கு இன்று வேலை விண்ணப்பக் கடிதம். வகுப்பிலேயே எழுதச் சொல்லி வாங்கிய தாள்களை மாலையில் வீட்டில் திருத்தினேன். அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். படிப்பையும் மதிப்பெண்ணையும் சொல்லும் பத்தியிலும் பெரிய குறையில்லை. கடைசி வரிக்கு வரும்போதுதான் முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்தில் வழுக்கியிருக்கிறார்கள்: "ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ."

ஹியர் அல்ல, ஹியரிங். "ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ." உங்களிடமிருந்து பதில் வருவதை ஆவலோடு எதிர்பார்க்கிறேன் என்று பொருள்.

பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. படித்து வேலைக்குப் போனவர்கள் அனுப்பும் மின்னஞ்சல்களிலும் "லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ" என்ற வரி தினமும் வருகிறது. படிக்கிறவருக்குப் பொருள் புரிந்துவிடும். அதனால் யாரும் திருத்துவதில்லை. ஆனால் விண்ணப்பத்தைப் படிக்கிற அதிகாரி கடைசியாகப் பார்ப்பது அந்த வரியைத்தான். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடப்படுவாரா என்பது தொங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் அந்த ஒரு சொல் சரியாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஜூன் 10, செவ்வாய்

தாள்களைத் திருப்பிக் கொடுத்ததும் இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், 'டு' வந்தா அதுக்கப்புறம் வெர்ப் அப்படியே வரணும்னு சின்ன கிளாஸ்ல சொல்லிக்குடுத்தாங்களே? வான்ட் டு கோ, லைக் டு ரீட்... இங்க மட்டும் ஏன் மிஸ் ஐ.என்.ஜி.?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். விதி தெரிந்தவளுக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். அதற்காகவே அவளைப் பாராட்டிவிட்டுப் பலகைக்குப் போனேன்.

ஆங்கிலத்தில் 'டு' இரண்டு வேலை செய்கிறது. "ஐ வான்ட் டு கோ" என்பதில் அது வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வருகிற அடையாளம். "ஐ வென்ட் டு தஞ்சாவூர்" என்பதில் அது முன்னிடைச் சொல். அதன் பின்னால் பெயர்தான் வரும். 'லுக் ஃபார்வர்ட் டு'வில் இருப்பது இந்த இரண்டாவது 'டு'. பெயர் வர வேண்டிய இடத்தில் வினையைக் கொண்டுவந்து வைத்தால் அதற்கும் பெயர் வேஷம் கட்டித்தான் ஆக வேண்டும். ஐ.என்.ஜி. அந்த வேஷம்.

எந்த 'டு' என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 'இட்' என்ற சொல்லைப் பின்னால் வைத்துப் பார்க்கச் சொன்னேன். "ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்" நிற்கிறது. "ஐ வான்ட் டு இட்" நிற்கவில்லை. 'இட்' நின்றால் அங்கே ஐ.என்.ஜி. வரும். வகுப்பு உடனே பிடித்துக்கொண்டது. 'யூஸ்ட் டு'வையும் வைத்துச் சோதித்தார்கள். "ஐ யூஸ்ட் டு வாக் டு ஸ்கூல்" என்றால் முன்பெல்லாம் நடந்து போவேன். இங்கே 'இட்' நிற்காது. "ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்" என்றால் நடந்து பழக்கம், இங்கே நிற்கும். 'அப்ஜெக்ட் டு' என்பதும் இந்தக் கூட்டம்தான்.

அதோடு விட எனக்கு மனம் வரவில்லை. தமிழில் இரண்டு வாக்கியம் எழுதினேன். "நான் ஊருக்கு வர விரும்புகிறேன்." "நீங்கள் ஊருக்கு வருவதை எதிர்பார்க்கிறேன்." இரண்டாவதில் 'வர எதிர்பார்க்கிறேன்' என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அப்படி யாரும் பேச மாட்டாங்க மிஸ்" என்றார்கள். பேசமாட்டோம்தான். 'விரும்பு' என்ற வினை 'செய' என்னும் எச்சத்தை ஏற்கிறது. 'எதிர்பார்' தொழிற்பெயரைக் கேட்கிறது, அதுவும் ஐ உருபோடு. தமிழ் ஐயா நடத்தியதுதான் இது. ஆங்கிலத்தில் 'வான்ட்' ஒரு பக்கம், 'லுக் ஃபார்வர்ட் டு' மறுபக்கம் நிற்பதும் இதே பிரிவினைதான். பத்து வயதுக்குள் தமிழில் தானாக வந்துவிட்ட அறிவு பிள்ளைகளிடம் இருக்கிறது; ஆங்கில வகுப்பில் அதை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்கிறோம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள். காலையிலிருந்து டெல்டாவில் இதுதான் பேச்சு. வகுப்பிலும் அதையே எடுத்துக்கொண்டேன்: "தி ஃபார்மர்ஸ் ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் டு தி ஓப்பனிங் ஆஃப் தி டேம்." குறுவைக்கு நாற்றங்கால் போடக் காத்திருக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வாக்கியத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

பிறகு ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். ஒரு பையன் சொன்னான்: "தி ஃபார்மர்ஸ் ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் டு அ பிக் லாஸ்." இலக்கணம் சுத்தம். 'டு'வின் பின்னால் பெயர் வந்திருக்கிறது. ஆனாலும் வாக்கியம் தவறு, ஏனென்றால் எந்த விவசாயியும் நஷ்டத்தை ஆசையோடு எதிர்பார்க்கமாட்டார்.

நம் 'எதிர்பார்'க்கு நல்லது கெட்டது பேதம் கிடையாது. மழையை எதிர்பார்க்கலாம், சண்டையையும் எதிர்பார்க்கலாம். ஆங்கிலத்தில் அதற்கு 'எக்ஸ்பெக்ட்' இருக்கிறது. 'லுக் ஃபார்வர்ட் டு' மகிழ்ச்சியோடு காத்திருப்பது மட்டுமே. அகராதியில் 'எதிர்பார்த்தல்' என்று ஒரு சொல்லோடு பொருள் முடிந்துவிடுவதால் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு போய்ச் சேருவதில்லை. "உங்கள் விளக்கத்தை எதிர்பார்க்கிறேன்" என்று மெமோ கொடுக்கிற மேலதிகாரி அங்கே 'லுக் ஃபார்வர்ட் டு' போட்டால் கண்டிப்பு கரைந்து பாசமாகிவிடும்.

எதிர்மறையில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. "ஐ ஆம் நாட் லுக்கிங் ஃபார்வர்ட் டு தி எக்ஸாம்." எதிர்பார்க்கவில்லை என்று இதற்குப் பொருள் சொன்னால் போச்சு. பரீட்சையை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்பதை நாகரிகமாகச் சொல்லும் வழி அது. வகுப்பு முழுவதும் இந்த வாக்கியத்தை உடனே சொந்தமாக்கிக்கொண்டது.

'ஐ லுக்', 'ஐ ஆம் லுக்கிங்' இரண்டும் சரிதான். முதலாவது விண்ணப்பத்துக்கும் அலுவல் கடிதத்துக்கும் பொருந்தும். இரண்டாவதில் நெருக்கம் அதிகம். தோழிக்கு எழுதும்போது அதுதான் இயல்பு.

ஜூன் 13, வெள்ளி

'கோப் அப் வித்' என்று மறுபடியும் ஒரு நோட்டில். 'கோப் வித்' போதும், 'அப்' வேண்டாம். 'டிஸ்கஸ் அபவுட்' என்பதிலும் 'அபவுட்' தேவையில்லை. 'ரிட்டர்ன் பேக்' என்பதில் 'பேக்' தேவையில்லை. இவற்றை இந்திய ஆங்கிலம் என்று சொல்லி ஏற்பவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளையிடம் அந்த வாதத்தை நான் வைக்கமாட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

'லுக் ஃபார்வர்ட் டு' போன்ற தொடர்கள் தரும் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறுகிற இந்தக் கூட்டுகள்தான் வெளிநாட்டவருக்கு மிகவும் கடினம் என்று குறித்திருக்கிறார். இவற்றுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் அச்சில் பரவியது அதற்கு வெகுகாலம் கழித்து. லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் எழுதிய நூலில் அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்த பெயர் அது.

எனக்கு இவர்களைவிட முக்கியமானவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவர் தொகுத்த கற்போர் அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை எடுத்து வெளியிட்டது. இன்று பள்ளி நூலகங்களில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதி அதன் வழிவந்தது. ஜப்பானியப் பிள்ளைகளுக்குப் பொருளை மட்டும் சொன்னால் போதாது என்று கண்டு, ஒவ்வொரு வினைக்கும் பின்னால் என்ன வரும் என்பதையும் குறித்துக்கொடுத்தார் ஹார்ன்பி. 'லுக்' என்ற சொல்லின் கீழே தேடினால் 'லுக் ஃபார்வர்ட் டு' தனியாக நிற்கும். பின்னால் வர வேண்டிய வடிவமும் எடுத்துக்காட்டு வாக்கியமும் கூடவே இருக்கும். அந்த இரண்டு வரியைப் படிக்கப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டால் என் வேலையில் பாதி முடிந்தது.

நம் கடைகளில் விற்கிற கையேடுகளில் நடப்பது வேறு. 'கிவ் அப்' விட்டுவிடு, 'புட் ஆஃப்' தள்ளிப்போடு, 'லுக் ஃபார்வர்ட் டு' எதிர்பார். இப்படிப் பக்கம் பக்கமாகப் பட்டியல். 'புட் ஆஃப்' தெரிந்த பையன் "புட் ஆஃப் இட்" என்று எழுதிவிடுகிறான். 'இட்' நடுவில் வர வேண்டும்: "புட் இட் ஆஃப்." 'லுக் ஃபார்வர்ட் டு'வையோ அப்படிப் பிரிக்கவே முடியாது, 'இட்' கடைசியில்தான். பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. எங்கே பிரியும், எங்கே பிரியாது என்று அது எப்படிச் சொல்லும்?

ஜூன் 17, செவ்வாய்

சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் என்று வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். பின்வரிசையில் உட்காரும், அதிகம் பேசாத ஒரு பெண்ணின் நோட்டு: "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மை ஃபாதர் கமிங் ஹோம் ஃபார் தீபாவளி." அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை.

இந்த அமைப்பை நான் நடத்தவே இல்லை. எதிர்பார்க்கிறவள் இவள், வருகிறவர் அப்பா. ஆள் இரண்டானால் வருகிறவரை 'டு'வுக்கும் ஐ.என்.ஜி.க்கும் நடுவில் வைக்க வேண்டும். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "'அப்பா வருவதை'ன்னு தமிழ்ல எழுதிப் பார்த்தேன் மிஸ். அதையே அப்படியே வச்சேன்" என்றாள். 'மை ஃபாதர்ஸ் கமிங்' என்று எழுதுவதும் உண்டு, அது கொஞ்சம் சம்பிரதாயமான நடை என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். அவள் எழுதியதில் திருத்த ஒன்றுமில்லை. வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொள்ளும்படி அவளையே பலகையில் எழுதச் சொன்னேன்.

பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லி வீட்டில் பிள்ளைகளை உட்கார்த்திவைக்கும் பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோட்டில் ஒரு தொடரைக் குறிக்கும்போது பொருளோடு நிறுத்தாமல், தன் வீட்டையோ தெருவையோ பற்றிய ஒரு முழு வாக்கியத்தையும் அதன் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தினம் ஒன்று போதும்.