இருட்டைக் காட்டும் ஊர்

லடாக் போய்வந்ததாகச் சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "என்னென்ன பாத்தீங்க?" அதற்கான பட்டியலும் ரெடியாக இருக்கிறது. பாங்காங் ஏரி, ஹுண்டர் மணல்மேட்டில் இரட்டைத் திமில் ஒட்டகச் சவாரி, சிந்துவும் சன்ஸ்காரும் கலக்கும் நிம்மு, கார்துங் லா போர்டுக்குக் கீழே ஒரு போட்டோ. ஆறு நாள் லீவு போட்டால் முடித்துவிடலாம். நானும் ஆபீஸில் டிக்கெட் மூடுவதுபோல எக்செல்லில் ஒரு ப்ளான் போட்டு வைத்திருந்தேன். கூட வருவது அப்பா என்றானதும் பாதியை அழித்தேன்.

லே நகரம் இருப்பது 3,500 மீட்டர் உயரத்தில். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு நல்ல ஐப்பசி நாளிலேயே அவ்வளவு கொட்டிவிடும். நாங்கள் தங்கிய வீட்டு அம்மா முதல் இரண்டு நாளுக்குப் போட்டுக்கொடுத்த ப்ரோக்ராம் இது: சாப்பிடுங்க, தூங்குங்க, தண்ணி குடிங்க. மூன்றாம் நாள்தான் கடைத்தெருவுக்கு விட்டார். நடைபாதையில் உட்கார்ந்து காய்கறியும் உலர்ந்த ஆப்ரிகாட்டும் விற்கும் பெண்களிடம் அப்பா அரைமணி நேரம் தமிழிலேயே பேரம் பேசினார். அவர்கள் லடாக்கியில் பதில் சொன்னார்கள். வியாபாரம் நடந்தது.

அப்பா மின்வாரியத்தில் 33 வருஷம் லைன்மேன். வேலை பார்த்தது பெரும்பாலும் ஜவ்வாது மலை அடிவாரத்தில். குடிசைக்கு ஒரு விளக்கு என்ற கணக்கில் எத்தனையோ வீடுகளில் முதல் பல்பை எரியவைத்தவர். தெருவில் ஒரு கம்பத்து லைட் அணைந்திருந்தால் இன்னமும் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவரை இருட்டைப் பார்க்கக் கூட்டிப்போவதுதான் என் திட்டம்.

ஊர் பெயர் ஹான்லே. லேயிலிருந்து சிந்து நதியை ஒட்டியே உப்ஷி, சுமாதாங், நியோமா வழியாக ஏறத்தாழ 250 கிலோமீட்டர். எல்லைப் பக்கம் என்பதால் பெர்மிட் வேண்டும். வழியில் பஷ்மினா ஆடு மேய்க்கும் சாங்பாக்களின் கூடாரங்களும், எங்களை மதிக்காமல் மேய்ந்துகொண்டிருந்த கியாங் என்னும் காட்டுக்கழுதைகளும் தெரிந்தன. ஊருக்கு மேலே, 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வான் ஆய்வகம். அங்கே இருக்கும் 2 மீட்டர் தொலைநோக்கியைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக பெங்களூருக்குப் பக்கத்து ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்தபடி இயக்குகிறார்கள். இதைச் சொன்னதும், "உன்னை மாதிரி வொர்க் ஃப்ரம் ஹோமா?" என்றார் அப்பா.

அதே நிறுவனத்தின் கையில்தான் கொடைக்கானல் ஆய்வகமும் ஜவ்வாது மலையின் காவலூரும் இருக்கின்றன. காவலூரின் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. சுற்றியிருக்கும் ஊர்கள் வளர வளர அங்கே வானம் வெளுத்துக்கொண்டு வருகிறது. அந்த வெளுப்பில் அப்பா ஏற்றிய விளக்குகளும் சேர்த்தி. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்த விளக்கடியில் படித்துத்தான் நாங்களெல்லாம் வேலைக்குப் போனோம்.

ஹான்லேயைச் சுற்றி ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலம் 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இரவில் வண்டிகள் ஹைபீம் போடக்கூடாது, சன்னல்களுக்குக் கனத்த திரை, வெளிவிளக்குகளுக்கு மூடி. ஊர்க்காரர்களில் சிலருக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்திருக்கிறார்கள். விருந்தாளிகளுக்கு வானத்தைக் காட்டுவது அவர்களுக்கு ஒரு வருமானம்.

நாங்கள் போனது செப்டம்பர் அமாவாசையை ஒட்டி. பூஜ்ஜியத்தைத் தொடும் குளிரில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு மொட்டைவெளியில் நின்றோம். வானம் காட்டிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். பால்வீதி தெற்கு மலையிலிருந்து எழுந்து எங்கள் தலைக்கு மேல் போனது. ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைக் கண்ணாலேயே காட்டிவிட்டு, பிறகு குழாய் வழியாகவும் பார்க்கச் சொன்னார். 25 லட்சம் ஒளியாண்டு தூரத்து வெளிச்சம். அப்பா பார்த்துவிட்டு நிமிர்ந்து, என்னிடம் கேட்டார்.

"லைட் வேணாம்னு சொன்னது யாருடா? ஊர்க்காரங்களா, டெலஸ்கோப்காரங்களா, இல்ல நம்மள மாதிரி வந்துட்டுப் போறவங்களா?"

எனக்குத் தெரிந்த இந்தியில் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் சிரித்தார். "லைட் இருக்கு அங்கிள். எங்க வீட்ல தங்கச்சி இப்பவும் படிச்சிட்டுத்தான் இருக்கா. வெளிச்சம் கீழ விழணும். மேல போறது யாருக்கு?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தக் கேள்வி விடவில்லை. 1974இல் லடாக்கைச் சுற்றுலாவுக்குத் திறந்தபோது அந்த ஆண்டு வந்தவர்கள் 527 பேர். 2022இல் வந்தவர்கள் ஐந்து லட்சம் பேருக்கு மேல். 2011 கணக்கெடுப்பின்படி லடாக்கின் மக்களே 2.74 லட்சம்தான். லேயில் உலர் கழிப்பறைகள் இருந்த இடத்தில் ஃப்ளஷ் வந்தது, ஃப்ளஷ்ஷுக்குப் போர்வெல் வந்தது. பனி உருகி ஓடும் வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சி பார்லி விளைவித்த ஊர் அது. விருந்தாளி கேட்பதைக் கொடுக்கக் கொடுக்க, விருந்தாளி பார்க்க வந்த ஊர் காணாமல் போகும். ஹான்லேயில் விற்பனைக்கு இருப்பது இருட்டு. அதைப் பார்க்க வருகிறவர்களுக்காக அறை கட்டினால் அறைக்கு விளக்கு வேண்டும், விளக்கு இருட்டைத் தின்னும். இந்தக் கணக்கு தெரிந்துதான் அந்தப் பெண் எங்கள் செல்போன் டார்ச்சை அணைக்கச் சொன்னார். அவருடைய பிழைப்பும் தங்கையின் படிப்பும் ஒரே விளக்கு மூடியில் தொங்குகின்றன.

இனி யாராவது லடாக்கில் என்ன செய்யலாம் என்று கேட்டால் சொல்ல என்னிடம் சின்னப் பட்டியல்தான் உண்டு. இரண்டு நாள் சும்மா இருங்கள். உலர் கழிப்பறை இருக்கும் வீட்டில் தங்குங்கள். பக்கெட்டில் பாதித் தண்ணீரில் குளியுங்கள். உடம்பு ஒத்துழைத்தால் அமாவாசை பார்த்து ஹான்லே போங்கள், சன்னல் திரையை நீங்களே இழுத்து மூடுங்கள்.

மறுநாள் காலை எங்கள் வண்டி டிரைவர் 19,024 அடி உயர உம்லிங் லா கணவாய்க்குப் போகலாமா என்றார். அப்பா வேண்டாமென்று சொல்லிவிட்டு, வாசல் விளக்குக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். தகர மூடியை எந்தக் கோணத்தில் வளைத்திருக்கிறார்கள் என்று விரலை வைத்து அளந்தார்.

"நம்மூர்லயும் இத மாட்டியிருக்கலாம்டா. கீழ இன்னும் நல்லா அடிக்கும்."