கடை திறக்குமுன் ஆன செலவு

தஞ்சாவூர்க்காரிக்கு அரிசியைத் தவிர வேறென்ன தெரியும்? மாப்பிள்ளைச் சம்பாவிலும் கருப்புக் கவுனியிலும் கஞ்சி மாவு, புட்டு மாவு அரைத்து விற்கலாமென்று, இரண்டு வளையலை அடகு வைத்துத் தொழிலில் இறங்கினேன்.

மாவரைக்கும் மெஷின் 48,000 ரூபாய். நல்ல நாளாயிற்றே என்று மொத்தத்தையும் ரொக்கமாகக் கொடுத்தேன். சந்தோஷத்தில் ரசீதுக்குக் குங்குமம்கூட வைத்தேன்!

வருமான வரிக் கணக்கு எழுதப் பக்கத்துத் தெரு ஆடிட்டர் மாமாவிடம் போனபோது, ரசீதைப் பார்த்ததுமே அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே? ஒரே நாள்ல ஒருத்தருக்கு 10,000 ரூபாய்க்கு மேலே ரொக்கமாக் கொடுத்து வாங்கின மெஷினுக்குத் தேய்மானம் கிடையாதே! 2017லேயே சட்டம் மாறியாச்சு. செக்காக் கொடுத்திருந்தா வருஷா வருஷம் மிச்ச மதிப்பிலே 15 சதவீதத்தை லாபத்திலேர்ந்து கழிச்சிருக்கலாம்."

எனக்குத் தொண்டையை அடைத்தது. "சரி, மத்ததையாவது காப்பாத்துவோம்" என்று மற்ற ரசீதுகளைப் பிரித்தார்.

கடை திறக்குமுன் பாங்குக்காகத் தயாரித்த திட்ட அறிக்கை, வாடகை ஒப்பந்தம் எழுதிய வக்கீல் ஃபீஸ் இவை ஒரு கட்டு. இவற்றை ஐந்து சம பங்காக்கி, ஐந்து வருஷம் கழிக்கலாம். ஆனால் திட்டச் செலவில் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. 1961ஆம் வருஷச் சட்டத்தின் 35டி பிரிவில் இருந்த இந்தச் சலுகை, 2025ல் நிறைவேறிய புதிய சட்டத்திலும் உண்டு.

கடை தயாராகி, முதல் பாக்கெட் விற்பதற்குள் ஆன கரண்ட் பில், ஆள் கூலி இன்னொரு கட்டு. இவற்றை அந்த வருஷமே முழுசாகக் கழிக்கலாமாம். தொழில் தயாரான நாள் வேறு, வியாபாரம் தொடங்கிய நாள் வேறு என்று பம்பாய் ஹைகோர்ட் 1954லேயே சொல்லியிருக்கிறதாம்.

விற்பனையில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமென்று காட்டும் எளிய முறையும் சிறு வியாபாரிகளுக்கு உண்டு. அதில் போனால் எந்தச் செலவையும் தனியே கழிக்க முடியாது. எது அனுகூலம் என்று இரண்டையும் போட்டுப் பார்க்கவேண்டும்.

வளையலை மீட்டுவிட்டேன். தேய்மானம் போனது போனதுதான். அப்பளமோ ஊறுகாயோ போடக் கிளம்பும் சகோதரிகளே, முதல் ரூபாய் செலவழிக்குமுன் ஒரு நோட்டும் ஒரு பாங்க் கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கடை தயாரான தேதியை அந்த நோட்டில் குறித்து வையுங்கள். குங்குமம் அப்புறம் வைக்கலாம்!