விழாத கோல்களின் சொந்தக்காரர்

கோல் போட்டவருக்குக் கைதட்டல் உண்டு, புள்ளி உண்டு, பத்திரிகையில் பெயரும் உண்டு. விழவிருந்த கோலைத் தடுத்தவருக்கு என்ன உண்டு? விழாத கோலை எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை. அப்படிக் கணக்கில் வராத வேலையைச் செய்யும் ஒருவரை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் பெயர் ஜேக்கப் ஸ்லாவின். அமெரிக்காவின் கரோலைனா ஹரிகேன்ஸ் என்ற ஐஸ் ஹொக்கி அணியின் பின்கள வீரர்.

நமது நாட்டுக்கும் பனிக்கட்டிக்கும் வெகுதூரம்தான். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த சாச்சாவின் மகன், நானா, கைப்பேசியில் காட்டியே இந்த விளையாட்டை நான் அறிந்தேன். கோல்காப்பாளருடன் ஓர் அணிக்கு ஆறு பேர். காலில் சறுக்குப் பாதணி, கையில் நீண்ட தடி. பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் கறுப்பு இறப்பர் வட்டு. வட்டை வைத்திருப்பவரை உடலால் மோதுவதற்கும் விதியில் இடமுண்டு. ஆனால், தடியால் காலை இடறினாலோ இழுத்துப் பிடித்தாலோ பெரும்பாலும் 2 நிமிடங்கள் வெளியே உட்கார வேண்டும். அதுவரை அவரது அணி ஓர் ஆள் குறைவாக ஆடும்.

வேகமாக வருபவரைத் தடுக்கும் அவசரத்தில் தவறு செய்யாமலிருப்பது எளிதல்ல. ஸ்லாவின் எதிராளியின் மேல் பாய்வதில்லை. அவரைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்குகிறார். இடைவெளியை விடவும் மாட்டார், நெருக்கவும் மாட்டார். தடியைப் பனித்தரையில் நீட்டி, வட்டு போகக்கூடிய வழியை அடைக்கிறார். எதிராளி மெல்ல மெல்ல ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார். அங்கிருந்து கோலைக் குறிவைப்பது கடினம். கடைசியில் தடியின் ஒரு தட்டில் வட்டு கைமாறிவிடும். மோதலும் இல்லை, ஆரவாரமும் இல்லை.

2020-21 பருவகாலத்தில் அவர் 52 போட்டிகளில், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 23 நிமிடங்கள் ஆடினார். அத்தனையிலும் அவர் பெற்ற தண்டனை ஒன்றே ஒன்று. அதுவும் யாரையும் தாக்கியதற்காக அல்ல. வட்டை அரங்கின் கண்ணாடித் தடுப்புக்கு மேலால் வெளியே அனுப்பியதற்காக. அவ்வருடம் நற்பண்புடன் சிறப்பாக ஆடுபவருக்கான லேடி பிங் கிண்ணம் அவருக்குக் கிடைத்தது. கனடாவின் மகாதேசாதிபதியாக இருந்த பிங் பிரபுவின் மனைவி 1925இல் வழங்கிய கிண்ணம் அது. அன்றுமுதல் அதை வென்ற பின்கள வீரர்களில் ஸ்லாவின் நான்காமவர். 2024இல் மீண்டும் வென்றார்.

ஆனால், சிறந்த பின்கள வீரருக்கான நொரிஸ் கிண்ணம் 2025 வரை ஒரு தடவையேனும் அவருக்குக் கிடைக்கவில்லை. 2023இல் அதை வென்ற எரிக் கார்ல்சன், கோல்களும் கோலுக்கு உதவியவையுமாக 101 புள்ளிகள் பெற்றிருந்தார். அது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. எனினும் தடுப்பதே தொழிலான இடத்திலும் கண்கள் கோலையே தேடுகின்றன.

"கோலே போடாத ஆளப் போய் இப்படிப் பாக்கிறீங்களே!" என்று நானா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரி வலைப்பந்தாட்ட அணியில் நான் கோல் டிபென்ஸ். எனக்குக் கோல் போட விதியிலேயே அனுமதி இல்லை. எறிபவரிடமிருந்து 3 அடி விலகி நின்றுதான் கையை உயர்த்தலாம். உடல் பட்டால் மத்தியஸ்தர் ஊதிவிடுவார். தொடாமல் தடுப்பது எத்தனை கடினம் என்பது என் கால்களுக்குத் தெரியும். இவ்வருடத்தோடு என் விளையாட்டு முடிகிறது. நான்கு வருடங்கள் ஆடியும் கோல் கணக்கில் என் பெயருக்கு எதிரே ஒன்றுமே இருக்காது. அது மனதை உறுத்தியதுண்டு.

ஸ்லாவினைப் பார்த்த பிறகு அந்த உறுத்தல் குறைந்திருக்கிறது. எழுதப்படாததால் ஒரு வேலை நடக்காமல் போய்விடுவதில்லை. அதைக் காண்பதற்குப் பழகிய கண் வேண்டும், அவ்வளவுதான். முன்பெல்லாம் போட்டி முடிந்ததும் வாப்பா, "எத்தனை கோல், மகள்?" என்று கேட்பார். இப்போது, "எத்தனை பந்தை மறிச்சீங்க?" என்று கேட்கிறார்.

அடுத்த முறை நம் மைதானத்துக்கு வருபவர்கள், ஒரு கால்வாசி நேரம் மட்டும் பந்தை விட்டுவிட்டுத் தடுப்பவளைப் பாருங்கள். கைதட்ட வேண்டிய இடம் உங்களுக்கே தெரியும்.