கரிசல் வைக்கும் பரீட்சை

மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகத் தெற்கே செல்பவர், கோவில்பட்டியை நெருங்கும்போது தம்மைச் சுற்றிலும் கரிசல் மண்ணே பரந்து கிடப்பதைக் காண்பார். கோடையில் வெடித்துப் பிளக்கும் நிலம். மழை பெய்தாலோ காலை விடாது பற்றிக்கொள்ளும் சேறு. ஆற்றுப் பாசனத்திற்கு வழியில்லாத இவ்வானம்பார்த்த பூமிக்கு வடகிழக்குப் பருவமழையே பெரும் துணை.

இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைக் கழகம் 1922 முதல் சிறந்த தோட்டச் செடிகளுக்கு விருது அளித்து வருகிறது. அங்கே செடியின் பகை குளிர்காலம். ஆகவே குளிர் தாங்கும் வன்மையையும் படிப்படியாக வகுத்துள்ளனர். ஏழாம் படியிலுள்ள செடி, உறைநிலைக்குக் கீழே 20 டிகிரிக்கும் கடுமையான குளிரைத் தாங்கும். நம் கரிசலிலோ பகை குளிரன்று, வறட்சி.

இப்பகைக்கு ஈடுகொடுக்கும் பயிர்களைத் தேர்ந்தெடுக்கும் பணியைக் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் செய்து வருகிறது. இன்று அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பருத்தி, சோளம், உளுந்து, குதிரைவாலி முதலிய பயிர்களில் 'கே' என்னும் எழுத்தைத் தாங்கிய இரகங்கள் பல அங்கிருந்து வந்தவையே.

ஒரு புதிய இரகம் எளிதில் தேர்ச்சி பெறுவதில்லை. முதலில் நிலையத்து வயலிலும், பின்னர் வேறு ஊர்களிலும், இறுதியில் உழவரின் சொந்த நிலத்திலும் அதை விதைப்பர். அருகிலேயே பழைய இரகத்தையும் விதைத்து ஒப்பிடுவர். ஓராண்டு விளைச்சல் சான்றாகாது. நல்ல மழை பெய்த ஆண்டில் எந்தப் பயிரும் நன்றாகவே தோன்றும். மழை பொய்த்த ஆண்டிலும் எவ்வளவு தந்தது என்பதே கேள்வி. சோளமாயின் தானியத்தோடு மாட்டுக்குத் தட்டையும் கிடைக்கவேண்டும். பருவமழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் வழக்கமும் இங்குண்டு. அதற்கெனவே விதையைக் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திக் கடினப்படுத்துகின்றனர்.

தாங்கும் வன்மை ஒன்றே தகுதியாகுமா? சீமைக் கருவேலைப் பாருங்கள். எந்த வறட்சிக்கும் அது அசையாது. விறகும் கரியும் தரும் என்பது உண்மையே. ஆயினும் தரிசில் புகுந்தால் விளைநிலத்தையே விழுங்கிவிடும்.

கருங்கண்ணிப் பருத்தியின் கதையோ வேறு. ஆழ வேரோடி, மானாவாரியில் நிலைத்து நின்ற நாட்டுப் பருத்தி அது. கரிசல் அதற்குத் தேர்ச்சி அளித்தது. நீண்ட இழையை விரும்பிய ஆலைகளோ அளிக்கவில்லை. எனவே அதன் பரப்பு சுருங்கியது. ஆலை இழையின் நீளத்தை அளந்தது. மழையற்ற ஆண்டில் உழவன் வீட்டு அடுப்பு எரிந்ததா என்பதை அது அளக்கவில்லை.

கரிசல் குடும்பம் ஒன்றுக்கு விதை பொய்த்தால் ஆண்டு முழுவதும் கடனே மிஞ்சும். ஆகவே விதை வாங்கும்போது, "எவ்வளவு விளையும்?" என்று மட்டும் கேளாமல், "மழை குறைந்த ஆண்டில் எவ்வளவு விளைந்தது?" என்றும் கேட்பது நலம். அவ்விரண்டாம் கேள்விக்கு விடை உள்ள விதையே நம் மண்ணுக்கு உரியது.