விட்ட ஆட்டத்தை மீண்டும் தொடலாமா? சதுரங்க வல்லபநாதர் ஊரில் ஒரு நாள்!

தஞ்சாவூரில் திருவாரூர் ரயில் ஏறினால், அம்மாப்பேட்டையைத் தாண்டி நீடாமங்கலம் வரும். தை, மாசி மாதங்களில் போனால் இந்த ஸ்டேஷனின் நிஜ முகத்தைப் பார்க்கலாம். லாரி லாரியாக நெல் மூட்டைகள் வந்து இறங்க, சுமைதூக்கும் தொழிலாளர்கள் அவற்றைச் சரக்கு ரயிலில் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். டெல்டாவில் விளைந்தது வெளி மாவட்டங்களுக்கு அரவைக்குக் கிளம்பும் இடம் இது. ஊருக்குப் பக்கத்திலேயே மூணாறு தலைப்பு இருக்கிறது. கல்லணையிலிருந்து வரும் வெண்ணாறு இங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது.

அந்தப் பாமணியாற்றின் கரையில், நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில் இருக்கிறது பூவனூர். அப்பர் பாடிய தலம். கோயிலில் இருக்கும் சிவனின் பெயர்தான் விசேஷம்: சதுரங்க வல்லபநாதர். 2022 ஜூலை 28 அன்று சென்னையில் 44-வது செஸ் ஒலிம்பியாட்டைத் தொடங்கிவைத்த பிரதமர் மோடி தன் பேச்சில் இந்தக் கோயிலைக் குறிப்பிட்டார். அதுவரை சுற்றுவட்டாரத்துக்கும் தல யாத்திரை போகிறவர்களுக்கும் மட்டுமே தெரிந்திருந்த ஊர், அன்றைக்கு நாடு முழுக்கச் செய்தியானது.

நான் போனது என் சித்தி மகளுக்காக. பத்தாம் வகுப்பு வரை செஸ் செஸ் என்று ஓடியவள். பிளஸ் ஒன் சேர்ந்ததும் போர்டைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். இப்போது கல்லூரி கடைசி வருஷம். "மே மாசம் ஒரு ரேட்டிங் டோர்னமென்ட் ஆடப்போறேன்க்கா. அப்பா ஒரே ஒரு தடவைதான் சரின்னு சொல்லியிருக்கார். அதுல சொதப்பினா அவ்வளவுதான்" என்றாள். அவளுக்கு இது கோயில் பயணம் மட்டுமில்லை, தன்னால் முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பயணமும்கூட.

ராஜகுமாரியை ஜெயித்த கிழவர்

தல புராணம் சுவாரஸ்யமானது. நெல்வேலிச் சீமை அரசனுக்குப் பிள்ளையில்லை. தாமிரபரணியில் நீராடும்போது தாமரைப் பூவில் ஒரு சங்கு கிடைக்கிறது. அரசி கையில் எடுத்ததும் அது பெண் குழந்தையாகிறது. ராஜராஜேஸ்வரி என்று பெயர் வைத்து வளர்க்கிறார்கள். வளர்ப்புத் தாயாக வருகிறவள் சாமுண்டி. எல்லாக் கலையும் கற்ற அந்தப் பெண்ணைச் சதுரங்கத்தில் ஜெயிக்க யாராலும் முடியவில்லை. ஜெயிக்கிறவனுக்கே பெண் என்று அறிவிக்கிறான் அரசன். யாரும் வராத நிலையில், மகளுடன் தல யாத்திரை கிளம்பி பூவனூர் வருகிறான். இங்கே ஒரு முதியவர் ஆட்டத்துக்கு அழைத்து, அவளை ஜெயித்து, சிவனாகக் காட்சி கொடுத்து மணந்துகொள்கிறார்.

கோயிலில் கற்பகவல்லி, ராஜராஜேஸ்வரி என்று இரண்டு அம்பாள் சந்நிதிகள் இருக்கின்றன. சாமுண்டீஸ்வரிக்கும் தனிச் சந்நிதி உண்டு. விஷக்கடிக்கு வேண்டிக்கொண்டு அவளிடம் வருகிறவர்கள் ஏராளம். இரவில் வரப்பில் நடந்து தண்ணீர் பாய்ச்சுகிற ஊரில் அந்த நம்பிக்கைக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. செஸ் ஆடும் பிள்ளைகளையும் பெற்றோர் அழைத்துவந்து அர்ச்சனை செய்கிறார்கள்.

தரிசனம் முடிந்து பிராகாரத்தில் உட்கார்ந்தோம். தங்கை கேட்ட கேள்வி இது: "யாராலயும் ஜெயிக்க முடியாதவ தோத்துட்டா. அதுக்கப்புறம் அவ ஆடினாளா, இல்லியாக்கா?" புராணம் அதைச் சொல்லவில்லை. ஆனால் இதே காவிரிக் கரையில் பிறந்த ஒருவரின் கதை அதற்குப் பதில் சொல்கிறது.

மயிலாடுதுறையில் பிறந்தவர்

விஸ்வநாதன் ஆனந்த் பிறந்தது 1969 டிசம்பர் 11 அன்று, மயிலாடுதுறையில். ஆறு வயதில் அம்மா சுசீலா செஸ் சொல்லிக்கொடுத்தார். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். ஐந்து முறை உலக சாம்பியன். 2013 நவம்பரில், தான் வளர்ந்த சென்னையிலேயே, மேக்னஸ் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை. வயது 43. இனி அவ்வளவுதான் என்று பலரும் எழுதினார்கள்.

அடுத்த மார்ச்சில் ரஷ்யாவின் கான்டி மான்சிஸ்க் நகரில் கேண்டிடேட்ஸ் போட்டி. போகலாமா என்றே தயங்கினார் ஆனந்த். போனார். 14 சுற்றுகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் 8.5 புள்ளிகளோடு முதலிடம் பிடித்தார். 2017 டிசம்பரில் ரியாத்தில் உலக ரேபிட் சாம்பியனானபோது அவருக்கு 48 வயது.

ஆந்திராவின் கோனேரு ஹம்பி 2017-ல் தாயானார். சுமார் இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்து, 2019 டிசம்பரில் மாஸ்கோவில் உலக மகளிர் ரேபிட் சாம்பியன் ஆனார். 2024 டிசம்பரில் நியூயார்க்கில் அதே பட்டத்தை மறுபடி வென்றார். ஆக, விட்டதைப் பிடிக்க முடியும். எப்படிப் பிடிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆடாமலே ஏறிய நம்பர்

தங்கையிடம் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆட்டத்தை விட்டபோது அவளுடைய ரேட்டிங் 1400. இப்போது 1640. நடுவில் ஒரு காயைக்கூட நகர்த்தவில்லை! 2024 மார்ச்சில் உலக செஸ் கூட்டமைப்பு, 2000-க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கை ஒரு கணக்குப்படி மொத்தமாக உயர்த்தியது. 1400 என்பது 1640 ஆனது அப்படித்தான்.

"இந்த நம்பரைக் காப்பாத்தணும்னு நெனச்சாலே கை நடுங்குது" என்றாள். மொபைலில் ஆடிப் பார்த்ததில் பத்து ஆட்டத்தில் ஏழு தோல்வி. தோற்ற ஆட்டங்களைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். ஓப்பனிங்கில் பெரிய பழுதில்லை, எண்ட்கேமும் மறக்கவில்லை. நடு ஆட்டத்தில் மூன்று, நான்கு நகர்த்தல் தூரம் கணக்குப் போடும்போதுதான் தடுமாறுகிறாள். அதனால் கடிகாரத்தைக் கரைத்துவிட்டு, கடைசியில் அவசரத்தில் காயை இழக்கிறாள். அறிவு அப்படியே இருக்கிறது. வேகம்தான் துருப்பிடித்திருக்கிறது.

ஹாஸ்டலில் சிலர் போக்கர், ரம்மி என்று மொபைலில் மூழ்கியதையும் சொன்னாள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. அது வந்தது நல்லதுதான். ஆனால் போக்கரிலிருந்து ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சீட்டில் சரியாக முடிவெடுத்தவர் தோற்பதும், தப்பாக ஆடியவர் ஜெயிப்பதும் அன்றாடம் நடக்கும். அதனால் இடைவெளிக்குப் பிறகு வருகிறவர், அன்றைய வெற்றி தோல்வியை வைத்துத் தன் கூர்மையை அளக்க முடியாது. எடுத்த முடிவுகள் சரியா என்றுதான் பார்க்கவேண்டும். செஸ்ஸில் காய்கள் எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. ஆனால் எதிரே உட்காருகிறவர் யார், அன்று எப்படி ஆடுவார் என்பது நம் கையில் இல்லை.

ஈரம் காய்வதற்குள்

மதியச் சாப்பாட்டுக்குச் சித்தப்பா வீடு. கூடவே வயலுக்குப் போனோம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் இருந்தது. முற்றிச் சாய்ந்த கதிர்களுக்கு நடுவே உளுந்து தெளித்துக்கொண்டிருந்தார்கள். நெல் தரிசு உளுந்து என்பது இதுதான். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே விதைத்துவிடுவார்கள். நெல்லை அறுத்தபின் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலுமே உளுந்து வளர்ந்துவிடும்.

"ஈரம் காயறதுக்குள்ள தெளிச்சுடணும் பாப்பா. ரொம்ப ஈரமா இருந்தா அழுகிடும், காஞ்சுட்டா முளைக்காது" என்று மகளிடம் சொன்னார் சித்தப்பா. அவர் உளுந்தைப் பற்றித்தான் பேசினார். அவள் வேறு ஏதோ கேட்டுக்கொண்டது போல இருந்தது.

வரப்பிலேயே உட்கார்ந்து மொபைலில் இலக்குகளை எழுதினாள். முதலில் எழுதியது, "மே மாதம் 1700". யோசித்து, அதை அழித்தாள். பிறகு எழுதியவை இவை: தினமும் காலை அரை மணி நேரம், காயைத் தொடாமல் மனசுக்குள் போடும் கணக்குப் பயிற்சி. வாரத்துக்கு இரண்டு நீண்ட ஆட்டம், அதுவும் நிஜப் போர்டில். தோற்ற ஒவ்வொரு ஆட்டத்தையும் கம்ப்யூட்டர் உதவியில்லாமல் முதலில் தானே அலசுவது. மே போட்டியில் எந்த ஆட்டத்திலும் கடைசி பத்து நகர்த்தல்களை அவசரமாக ஆடாமல் இருப்பது.

சித்தப்பா வாங்கிப் படித்தார். "இதுல ஜெயிக்கணும்னு எங்கயும் இல்லியே?" என்றார்.

"அது என் கையில இல்லப்பா. இதெல்லாம் இருக்கு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி நடக்கும்போது, "அடுத்த போட்டி எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டார்.

எப்படிப் போவது?

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலத்துக்கு ரயிலும் பஸ்ஸும் உண்டு. அங்கிருந்து மன்னார்குடி பஸ்ஸில் ஏறி பூவனூரில் இறங்கலாம். பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலோ மாலையிலோ போவது நல்லது. அப்படியே நீடாமங்கலத்தில் சந்தானராமர் கோயிலையும், மன்னார்குடியில் ராஜகோபால சுவாமி கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம். வீட்டில் பரணில் ஏறிய செஸ் போர்டு இருந்தால், கிளம்புவதற்கு முன்பே இறக்கித் துடைத்து வைத்துவிடுங்கள்.